நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை

தேநீர் கேட்டது எழுதப்பட்டிருந்தது. டோஸ்ட் கேட்டது எழுதப்பட்டிருந்தது. குளிர்கிறது என்று இன்னொரு கம்பளி கேட்டதும் எழுதப்பட்டிருந்தது. சவிதா ஹலப்பனவரும் அவர் கணவர் பிரவீணும் அந்த மருத்துவமனையில் கெஞ்சிக் கேட்டதாகச் சொல்லும் ஒன்று மட்டும் கேஸ் ஷீட்டில் இல்லை. கரு பிழைக்காது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள், அப்படியானால் இதை முடித்துவிடுங்கள் என்ற கோரிக்கைதான் அது. மனைவி இறந்த பிறகு பிரவீணின் கைக்கு வந்த ஆவணங்களைப் படித்துப் பார்த்த அவருடைய வழக்கறிஞர் 2012 நவம்பரில் இதைப் பகிரங்கமாகச் சொன்னார்.

அயர்லாந்தின் மேற்குக் கரையில் உள்ள கால்வே நகரில் நடந்தது இது. சவிதாவுக்கு வயது 31. கர்நாடகத்தின் பெலகாவியைச் சேர்ந்தவர்; பல் மருத்துவர். கணவர் பொறியாளர். இருவருக்கும் இது முதல் குழந்தை. ஆசையோடு காத்திருந்த குழந்தை. 17 வாரக் கர்ப்பத்தில், 2012 அக்டோபர் 21 ஞாயிற்றுக்கிழமை முதுகுவலியோடு கால்வே பல்கலைக்கழக மருத்துவமனைக்குப் போனார்கள். ஒரு வாரம் கழித்து, அக்டோபர் 28 ஞாயிற்றுக்கிழமை அதிகாலை ஒரு மணி தாண்டியபோது சவிதா தீவிர சிகிச்சைப் பிரிவில் இறந்துபோனார்.

இந்த மரணம் உலகெங்கும் பேசப்பட்டது. அயர்லாந்தின் கருக்கலைப்புத் தடைச் சட்டம் ஒரு பெண்ணைக் கொன்றுவிட்டது என்றுதான் பெரும்பாலும் பேசினார்கள். அதில் பொய்யில்லை. ஆனால் மூன்று தனித்தனி விசாரணைகள் எழுதிவைத்த பக்கங்களைப் பார்த்தால் சட்டப் புத்தகத்தைவிட அதிகமாகக் கண்ணில் படுவது தெர்மாமீட்டரும் நாடியும் ரத்தப் பரிசோதனைச் சீட்டும்தான். சட்டம் பற்றிய பேரிரைச்சலில் அந்தப் பக்கங்கள் அமுங்கிப்போயின. கணவனோ மனைவியோ மருத்துவமனையில் இறந்தபின் ஒருவர் சொல்லும் 'சரியாகக் கவனிக்கவில்லை' என்ற இரண்டு சொற்களுக்குள் என்னென்ன இருக்கக்கூடும் என்பதை அவற்றைவிடத் தெளிவாகக் காட்டும் ஆவணங்களை நான் படித்ததில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சவிதாவைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். பிற்பகலில் நிலைமை மோசமாகித் திரும்பி வந்தார். கருச்சிதைவு தவிர்க்க முடியாதது என்று அப்போதே தெரிந்துவிட்டது. வார்டில் சேர்த்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். வெள்ளை அணுக்களின் எண்ணிக்கை 16.9 என்று வந்தது. சாதாரணமாக இது 4 முதல் 11 வரை இருக்கும். கர்ப்பத்தில் கொஞ்சம் ஏறும் என்பது உண்மைதான், ஆனாலும் 16.9 என்பது, உள்ளே கிருமி ஏதேனும் இருக்கிறதா என்று மறுபடி பார்க்கவேண்டிய எண். யாரும் மறுபடி பார்க்கவில்லை. ரத்தம் எடுக்கப்பட்டது, சோதிக்கப்பட்டது, முடிவு கணினியில் ஏறியது. அந்த முடிவைத் தேடிப் படிப்பது யார் பொறுப்பு என்பது மட்டும் யாருக்கும் தெளிவாக இல்லை.

திங்கட்கிழமை பிறந்த அரை மணி நேரத்தில், நள்ளிரவு 12.30 மணிக்கு, பனிக்குடம் உடைந்தது. இது ஒரு திருப்புமுனை. பனிக்குடம் மூடியிருக்கும்வரை கருப்பைக்குள் கிருமி நுழைவது கடினம். உடைந்துவிட்டால் கீழிருந்து மேலே பாதை திறந்துகொள்கிறது. ஒவ்வொரு மணி நேரமும் ஆபத்து கூடும். நம் பாட்டிமார் 'ஜன்னி கண்டுவிடும்' என்று அஞ்சியது இதைத்தான். பிரசவத்திலும் கருச்சிதைவிலும் கருப்பையில் கிருமி புகுந்து ரத்தத்தில் கலந்து ஆளையே வாரிக்கொண்டு போகும் அந்த ஜன்னிக்கு இன்றைய மருத்துவம் சொல்லும் பெயர் செப்சிஸ்.

செப்சிஸ் இளம் பெண்களிடம் வஞ்சகமாக நடந்துகொள்ளும். ஆரோக்கியமான இளம் உடல் கடைசிவரை தாக்குப்பிடிக்கும். ரத்த அழுத்தம் எளிதில் இறங்காது. முகத்தைப் பார்த்தால் பெரிதாக ஒன்றும் தெரியாது. நாடி மட்டும் வேகமாகும், மூச்சு கொஞ்சம் விரைவாகும். பிறகு திடீரென்று எல்லாம் ஒன்றாகச் சரியும். அதனால்தான் இப்படிப்பட்ட நோயாளிக்கு நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறையாவது காய்ச்சல், நாடி, மூச்சு, ரத்த அழுத்தம் எல்லாவற்றையும் பார்த்து எழுத வேண்டும் என்ற விதி இருக்கிறது. அந்த மருத்துவமனையிலும் அந்த விதி இருந்தது. அதை ஒழுங்காகப் பின்பற்றவில்லை என்று விசாரணைகள் கண்டன.

இந்த அபாயம் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டதும் அல்ல. பக்கத்து நாடான பிரிட்டனில் 2006 முதல் 2008 வரை நேர்ந்த தாய்மார் மரணங்களை ஆராய்ந்து 2011இல் வந்த அறிக்கை, கர்ப்பம் நேரடியாகக் காரணமான மரணங்களில் செப்சிஸ்தான் முதலிடத்தில் இருக்கிறது என்று உரக்கச் சொல்லியிருந்தது. சவிதா வார்டில் சேர்ந்தது அதற்கு அடுத்த ஆண்டு.

செவ்வாய்க்கிழமை காலை ரவுண்ட்ஸில் கருவை அகற்றிவிடும்படி சவிதா கேட்டார். திங்களன்றும் கேட்டோம் என்பது பிரவீணின் சாட்சியம். செவ்வாயன்று கேட்டதை மூத்த மருத்துவரும் பின்னர் ஒப்புக்கொண்டார். கருவின் இதயம் இன்னும் துடித்துக்கொண்டிருக்கிறது, தாயின் உயிருக்கு இப்போது ஆபத்து இல்லை, ஆகவே சட்டம் இடம் தராது என்பதுதான் கிடைத்த பதில். அயர்லாந்தின் அரசியல் சட்டத்தில் 1983இல் சேர்க்கப்பட்ட எட்டாவது திருத்தம் கருவின் உயிருக்கும் தாயின் உயிருக்கும் சமமான உரிமை தந்திருந்தது. தாயின் உயிருக்கே மெய்யான, கணிசமான ஆபத்து இருந்தால் கருக்கலைப்பு செய்யலாம் என்று 1992இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. உடல்நலத்துக்கு ஆபத்து என்றால் போதாது; உயிருக்கே ஆபத்து வேண்டும். அந்தக் கோடு எங்கே விழுகிறது என்று மருத்துவருக்கு எழுதிக்கொடுத்தவர் யாருமில்லை. இது கத்தோலிக்க நாடு என்று ஒரு மூத்த மருத்துவச்சி சவிதாவிடம் சொன்னதும் பிறகு விசாரணையில் உறுதியானது. புண்படுத்தச் சொல்லவில்லை, காரணத்தை விளக்கத்தான் சொன்னேன் என்றார் அவர்.

இங்கேதான் சட்டமும் வார்டும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. உயிருக்கு ஆபத்து வரும்வரை காத்திருக்க வேண்டும் என்பது சட்டமென்றால், அந்த ஆபத்து வருகிறதா என்று கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் அல்லவா? காத்திருப்பதையே சிகிச்சையாகத் தேர்ந்தெடுத்த இடத்தில் கண்காணிப்புதான் முழுச் சிகிச்சையும். அது தளர்ந்தால் வேறு எதுவும் மிச்சமில்லை. சட்டமா அலட்சியமா என்று இரண்டில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு சண்டை போட்டவர்கள் இந்த எளிய உண்மையை எப்படித் தவறவிட்டார்கள் என்று எனக்கு விளங்கவில்லை.

செவ்வாய் மாலை ஏழு மணியளவில் நாடி 114. இதை டூட்டியில் இருந்த இளநிலை மருத்துவருக்குச் சொன்னேன் என்றார் மருத்துவச்சி. எனக்கு அப்படிச் சொல்லப்படவில்லை என்றார் மருத்துவர். இருவரும் சத்தியம் செய்து கொடுத்த சாட்சியம்தான். நள்ளிரவு தாண்டி அந்த மருத்துவர் அறைக்குப் போனபோது சவிதா உறங்கிக்கொண்டிருந்தார். எழுப்ப வேண்டாம் என்று திரும்பிவிட்டார். வார்டில் நோயாளியின் கட்டில் அருகே இரவு கண்விழித்த எவருக்கும் இந்தக் காட்சி பழக்கமானது. தூங்குகிறார், தொந்தரவு செய்யவேண்டாம் என்ற கருணை. அந்தக் கருணையில்தான் ஒரு நாடிக் கணக்கு விடுபட்டுப்போகிறது.

புதன் அதிகாலை நான்கே கால் மணிக்கு சவிதாவுக்கு நடுக்கம். பற்கள் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டன. கம்பளி கொடுத்தார்கள், பாரசிட்டமால் கொடுத்தார்கள். காய்ச்சல் அப்போது அதிகமில்லை. அறை குளிராக இருந்தது என்பது விளக்கம். பார்க்கவேண்டிய எல்லா அளவுகளையும் அந்த நேரத்தில் பார்க்கவில்லை. கேஸ் ஷீட்டில் கம்பளி ஏறியது இப்படித்தான். பனிக்குடம் உடைந்து இரண்டு நாளுக்கு மேல் ஆன ஒரு பெண்ணுக்கு வரும் குளிர்நடுக்கம் ஜன்னலைச் சாத்தினால் போகிற நடுக்கம் அல்ல.

ஆறரை மணிக்கு காய்ச்சல் 39.6 டிகிரி செல்சியஸ். பாரன்ஹீட்டில் 103ஐத் தாண்டுகிறது. நாடி 160. துர்நாற்றத்தோடு கசிவு. இளநிலை மருத்துவர் இதையெல்லாம் எழுதினார். கருப்பையில் தொற்று என்று ஊகித்து, நரம்பு வழியாக ஆன்ட்டிபயாட்டிக் தொடங்கினார். எட்டரை மணியளவில் மூத்த மருத்துவர் ரவுண்ட்ஸ் வந்தார். இரவில் எழுதப்பட்ட குறிப்பை அவர் படிக்கவில்லை. துர்நாற்றக் கசிவு பற்றி யாரும் வாய்வழியாகவும் அவரிடம் சொல்லவில்லை. தெரிந்திருந்தால் முன்னதாகவே கருவை அகற்ற முடிவெடுத்திருப்பேன் என்று அவர் பின்னர் சொன்னார். ரத்தத்தில் லாக்டேட் அளவைப் பார்ப்பதற்காக எடுத்த மாதிரியைத் தவறான குப்பியில் அனுப்பியதால் ஆய்வகம் சோதிக்கவே இல்லை. செப்சிஸ் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று காட்டும் மிக முக்கியமான சோதனை அது.

அன்று பிற்பகல் அறுவை அரங்கில், சவிதாவுக்கு ஊசிக்குழாய் பொருத்திக்கொண்டிருந்தபோதே, இறந்த கரு தானாக வெளிவந்தது. பெண் குழந்தை. வியாழன் அதிகாலை தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றினார்கள். பல மருந்துகளுக்குக் கட்டுப்படாத ஒருவகை ஈ.கோலை கிருமி ரத்தத்தில் இருந்தது தெரிந்தது. முதலில் கொடுத்த மருந்து அந்தக் கிருமியைத் தொடவே இல்லை. ரத்த அழுத்தம் சரியத் தொடங்கிய செப்சிஸில் சரியான மருந்து ஒவ்வொரு மணி நேரம் தாமதமாகும்போதும் பிழைக்கும் வாய்ப்பு சராசரியாக 7.6 சதவீதம் குறைகிறது என்று கனடாவில் இருந்து வந்த ஓர் ஆய்வு 2006இலேயே கணக்கிட்டிருக்கிறது. இந்தக் கணக்கோடு மேலே சொன்ன மணி நேரங்களைச் சேர்த்துப் பார்த்தால் நெஞ்சு பதைக்கிறது.

சவிதாவின் பெற்றோர் அதுவரை கால்வேயில்தான் மகளோடு இருந்தார்கள். ஊர் திரும்பவேண்டிய நாள் அந்த வாரத்தில் வந்தது. அவர்களை டப்ளின் விமான நிலையத்தில் விட்டுவிட்டு வந்தார் பிரவீண். மகள் ஏறிய கட்டிலில் இருந்து இறங்கவே இல்லை என்ற செய்தி அவர்களுக்குப் பெலகாவியில் கிடைத்தது.

நவம்பர் 14 அன்று அயர்லாந்து நாளேடு ஒன்று இந்தச் செய்தியை முதல் பக்கத்தில் போட்டது. அரசின் சுகாதாரச் சேவை நிர்வாகம் உடனே விசாரணைக் குழு ஒன்றை அமைத்தது. அதில் மூன்று பேர் அதே கால்வே மருத்துவமனையின் மருத்துவர்கள். பிரவீண் மறுத்துவிட்டார். என் மனைவியின் மருத்துவக் கோப்பை இந்தக் குழு பார்க்க நான் சம்மதிக்கமாட்டேன், பகிரங்க விசாரணை வேண்டும் என்றார். துக்கத்தில் துவண்டிருக்கும் மனிதரிடம் அரசு ஒரு குழுவைக் கொண்டுவந்து நிறுத்தினால் பெரும்பாலோர் தலையாட்டிவிடுவார்கள். இவர் ஆட்டவில்லை. மூவரையும் குழுவிலிருந்து விலக்கினார்கள். பகிரங்க விசாரணை மட்டும் கடைசிவரை கிடைக்கவில்லை.

அந்தக் குழுவின் தலைவராக வந்தவர் இலங்கைத் தமிழர் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. சர் சபாரத்தினம் அருள்குமரன், அப்போது லண்டன் செயின்ட் ஜார்ஜ் மருத்துவக் கல்லூரியின் மகப்பேறியல் பேராசிரியர். பிரிட்டனின் அரச மகப்பேறு மருத்துவர் கல்லூரியின் தலைவராக இருந்தவர். அந்த ஆண்டுதான் உலக மகப்பேறு மருத்துவர் கூட்டமைப்பின் தலைமைக்கும் வந்திருந்தார். 2013 ஜூன் 13 அன்று வெளியான அவருடைய அறிக்கை மூன்று காரணங்களை முன்வைத்தது. நோயாளியின் நிலையைப் போதிய அளவு மதிப்பிடவும் கண்காணிக்கவும் தவறியது ஒன்று. தொற்று ஆபத்து கூடிக்கொண்டிருக்கும்போது இருக்கின்ற எல்லா வழிகளையும் நோயாளிக்கு எடுத்துச்சொல்லத் தவறியது இன்னொன்று. செப்சிஸுக்கு என்று இருக்கும் வழிமுறைகளைக் கடைப்பிடிக்காதது மூன்றாவது. சட்டத்தைப் பற்றிய தயக்கம் மருத்துவர்களின் முடிவைப் பாதித்தது என்றும் சட்டம் தெளிவாக வேண்டும் என்றும் அறிக்கை சொன்னது. இரண்டில் எதையும் விட்டுக்கொடுக்காத அறிக்கை. ஒருவரைக் குற்றவாளியாக்கிவிட்டு மற்றதையெல்லாம் மறந்துபோகும் வழக்கம் அதில் இல்லை.

அதற்கு முன்பே, 2013 ஏப்ரலில், கால்வேயில் மரண விசாரணை நடந்து முடிந்திருந்தது. இது வேறு வகையான மன்றம். மரண விசாரணை அதிகாரியும் பொதுமக்களில் இருந்து எடுக்கப்பட்ட ஜூரிகளும் உட்கார்ந்து, இறந்தவர் யார், எப்போது, எங்கே, எப்படி இறந்தார் என்று மட்டும் கண்டுபிடிப்பார்கள். யார் குற்றவாளி, யார் இழப்பீடு தரவேண்டும் என்று சொல்லும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. அப்படியானால் என்ன பயன் என்று கேட்கத் தோன்றும். பயன் பெரிது. மருத்துவர்களும் மருத்துவச்சிகளும் ஒவ்வொருவராகக் கூண்டில் ஏறிச் சத்தியம் செய்து, அந்த ஒரு வாரத்தை மணி மணியாகச் சொல்லவேண்டியிருந்தது. மேலே நான் எழுதிய விவரங்களில் பெரும்பகுதி வெளியே வந்தது அங்கேதான். கணவர் அங்கே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

டப்ளினின் மூத்த மகப்பேறு மருத்துவர் பீட்டர் பாய்லன் நிபுணர் சாட்சியாக வந்து சொன்னது இந்த விவகாரத்தின் முள்முனை. திங்களன்றோ செவ்வாயன்றோ கருவை அகற்றியிருந்தால் சவிதா பெரும்பாலும் உயிரோடு இருந்திருப்பார். ஆனால் அந்த நாள்களில் உயிருக்கு ஆபத்து வெளிப்படவில்லை என்பதால் சட்டப்படி அகற்றியிருக்க முடியாது. ஆபத்து வெளிப்பட்டபோது காலம் கடந்துவிட்டது. கவனிப்பில் நேர்ந்த குறைகளையும் அவர் மறைக்கவில்லை. தனித்தனியாக எதுவும் மரணத்துக்குக் காரணமாக இருந்திருக்காது என்பது அவர் கருத்து. எனக்கு அந்தக் கடைசி வரியோடு முழு உடன்பாடு இல்லை. தனித்தனியாகப் பார்த்தால் எந்தக் குறையும் சிறிதுதான். கட்டிலில் கிடந்தவருக்கு அவை தனித்தனியாக வரவில்லையே. படிக்காத ரத்தச் சீட்டும், சொல்லப்படாத நாடியும், தவறான குப்பியும் ஒரே உடம்பின் மேல்தான் வந்து விழுந்தன.

ஜூரிகள் ஒருமனதாக 'மருத்துவ அசம்பாவிதம்' என்று தீர்ப்பளித்தார்கள். அயர்லாந்தில் இந்தச் சொல் குற்றச்சாட்டு அல்ல; சிகிச்சையின் போக்கில் எதிர்பாராமல் நேர்ந்த மரணம் என்று பொருள். கூடவே ஒன்பது பரிந்துரைகள். ரத்தப் பரிசோதனை முடிவுகளைத் தவறாமல் தேடிப் பார்க்கும் ஏற்பாடு, செப்சிஸுக்கு நெறிமுறையும் பயிற்சியும், டூட்டி மாறும்போது தகவல் கைமாறும் முறை, கர்ப்பிணிகளுக்கென்று எச்சரிக்கை அட்டவணை என்று போகின்றன அவை. ஒன்றை மட்டும் இங்கே நிறுத்திச் சொல்லவேண்டும்: மரண விசாரணைக்கு உரிய ஒருவரின் கேஸ் ஷீட்டில் அவர் இறந்த பிறகு எதையும் சேர்க்கக்கூடாது. சவிதாவின் கோப்பில் அவர் இறந்தபின் எழுதிச் சேர்த்த குறிப்புகள் இருந்தன என்பது விசாரணையில் வெளிவந்திருந்தது. நினைவில் இருந்ததை நேர்மையாக எழுதியதாகவே இருக்கலாம். ஆனால் மனைவியைப் பறிகொடுத்தவர் கையில் இருக்கும் ஒரே சாட்சி அந்தக் காகிதம். அது பிறகு வளர்ந்தால் அவர் எதை நம்புவார்?

தீர்ப்பு வந்த ஏப்ரல் 19, சவிதாவும் பிரவீணும் திருமணம் செய்துகொண்ட நாள். ஐந்தாவது ஆண்டு.

மூன்றாவது விசாரணை சுகாதாரத் தரக் கண்காணிப்பு ஆணையத்தினுடையது. 2013 அக்டோபரில் வந்தது. தலையிட்டிருந்தால் விளைவு மாறியிருக்கக்கூடிய 13 தருணங்கள் தவறவிடப்பட்டன என்று எண்ணிச் சொன்னது. எனக்கு அதைவிட அதிகமாக உறைத்தது அந்த அறிக்கையின் இன்னொரு பகுதி. 2007இல் ட்ரோஹெடா நகர மருத்துவமனையில் பனிக்குடம் உடைந்து, செப்சிஸ் கண்டு, ஓர் இளம் தாய் இறந்திருந்தார். இரட்டைக் குழந்தைகளில் ஒன்றும் இறந்தது. 2008இல் அந்த மரணத்தை விசாரித்து, நாடு முழுவதும் என்ன செய்யவேண்டும் என்று பரிந்துரைத்தார்கள். ஐந்து ஆண்டுகள் கழித்து, அந்தப் பரிந்துரைகளை எந்த அளவுக்கு நிறைவேற்றினீர்கள் என்று 19 மகப்பேறு மருத்துவமனைகளையும் பிரிவுகளையும் ஆணையம் கேட்டபோது, விவரமாகப் பதில் சொல்ல முடிந்தவை ஐந்தே ஐந்து. ஒரு கணவர் ஏற்கெனவே மனைவியை இழந்து, அந்த இழப்பிலிருந்து ஒரு பாடம் எழுதப்பட்டு, அந்தப் பாடம் அலமாரியில் தூங்கிக்கொண்டிருந்தது. சவிதாவின் மரணத்தில் எது மன்னிக்க முடியாதது என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

இந்த முறை பாடம் தூங்கவில்லை. கர்ப்பிணிகளுக்கான எச்சரிக்கை அட்டவணை 2013இல் அயர்லாந்தின் மகப்பேறு வார்டுகளுக்கு வந்தது. எளிய காகிதம்தான். காய்ச்சல், நாடி, மூச்சு, ரத்த அழுத்தம் ஒவ்வொன்றுக்கும் கட்டங்கள். வரம்பு கொஞ்சம் மீறினால் மஞ்சள், அதிகம் மீறினால் இளஞ்சிவப்பு. இரண்டு மஞ்சள் அல்லது ஓர் இளஞ்சிவப்பு விழுந்தால் மருத்துவரைக் கூப்பிட்டே ஆகவேண்டும். தூங்குகிறாரே என்று தயங்கவோ, சொன்னேன், சொல்லவில்லை என்று பிறகு வாதாடவோ அது இடம் வைப்பதில்லை. செப்சிஸுக்கான தேசிய வழிகாட்டு நெறிமுறை 2014 நவம்பரில் வெளியானது.

சட்டமும் நகர்ந்தது. 2013 ஜூலையில், தாயின் உயிருக்கு ஆபத்து இருந்தால் கருக்கலைப்புக்கு வழிசெய்யும் சட்டம் வந்தது. 2018 மே 25 அன்று நடந்த வாக்கெடுப்பில் 66.4 சதவீதம் பேர் எட்டாவது திருத்தத்தை நீக்க வாக்களித்தார்கள். டப்ளின் சுவரில் வரையப்பட்டிருந்த சவிதாவின் முகத்தைச் சுற்றி மக்கள் சிறு சிறு காகிதங்களில் மன்னிப்புக் கேட்டு ஒட்டிவிட்டுப் போனார்கள். சுகாதாரச் சேவை நிர்வாகத்தின்மேல் பிரவீண் தொடர்ந்த வழக்கு அதற்கு முன்பே, 2016 மார்ச்சில், சமரசத்தில் முடிந்திருந்தது. தொகை வெளியிடப்படவில்லை.

பிரவீணுக்கு மரண விசாரணை ஆறு மாதத்துக்குள் கிடைத்தது. உலகமே பார்த்துக்கொண்டிருந்ததால் கிடைத்தது. மற்றவர்களுக்கு அப்படி இல்லை. இந்தியாவில் பிறந்த இன்னொரு பெண், தாரா கிவ்லெஹன், 2010 செப்டம்பரில் ஸ்லைகோ நகர மருத்துவமனையில் மகனைப் பெற்றெடுத்த சில நாள்களில், பெல்ஃபாஸ்ட் மருத்துவமனைக்கு மாற்றப்பட்டு இறந்துபோனார். வயது 29. ரத்த அணுக்களையும் ஈரலையும் தாக்கும் கடுமையான கர்ப்பகால நோய். அங்கேயும் ஒரு ரத்தப் பரிசோதனை. அங்கேயும் மோசமான முடிவுகள் வந்து பல மணி நேரம் கவனிக்கப்படாமல் கிடந்தன. அவருடைய கணவர் மைக்கேல், கைக்குழந்தையை வளர்த்துக்கொண்டே, மரண விசாரணை நடத்துங்கள் என்று கேட்டுக் கேட்டு அலைந்தார். நான்கு ஆண்டுகள் ஆயின. 2014 செப்டம்பரில் நடந்த விசாரணையில் அதே தீர்ப்பு வந்தது: மருத்துவ அசம்பாவிதம்.

தாய்மார் மரணம் என்றால் மரண விசாரணை கட்டாயம் என்று அயர்லாந்தில் அதுவரை சட்டம் இல்லை. அதிகாரி நினைத்தால் நடத்துவார், இல்லையென்றால் இல்லை. மனைவியை இழந்த ஆண்கள் சிலர் ஒன்றுசேர்ந்தார்கள். மருத்துவச்சிகளும் அவர்களோடு நின்றார்கள்; இது எனக்கு முக்கியமாகப் படுகிறது, ஏனென்றால் குறை சொல்லப்பட்ட தொழிலைச் சேர்ந்தவர்கள் அவர்கள். நாடாளுமன்ற உறுப்பினர் கிளேர் டேலி மசோதாவைக் கொண்டுவந்தார். பல ஆண்டு முயற்சிக்குப் பிறகு 2019 ஜூலையில் மரண விசாரணைச் சட்டம் திருத்தப்பட்டது. கர்ப்பத்திலோ பிரசவத்திலோ அதையொட்டியோ ஒரு தாய் இறந்தால் இப்போது அங்கே மரண விசாரணை நடந்தே தீரும். அதற்காக எந்தக் கணவரும் கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கவேண்டியதில்லை.